உப்புமலைக்குப் பின்னால்

படம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சும்மாவே கோபக்காரி. செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. அவள் செய்து கொடுத்த பல்லில் நொட்டை சொல்லிவிட்டு முகம் வாடாமல் திரும்பிப் போன டாக்டர் இதுவரை கிடையாது. ஆனால் அன்றைக்கு அவள் சண்டைக்கென்று வரவில்லை. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, கூடப் படித்த ராஜாத்தியையும் மெர்சியையும் இழுத்துக்கொண்டு, வடபழனியில் ஒரு மாலில் நடு வரிசையாகப் பார்த்து டிக்கெட் எடுத்து, பாப்கார்ன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். மூன்று பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று பேரும் ஒரே விடுதிப் பள்ளியில் வளர்ந்தவர்கள். அந்த விடுதியில் இருந்த ஒரே டிவியில், வார்டன் மனசு வைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் கேசட் தேயத் தேயப் போட்ட ஒரே படம் ‘உப்புமலைப் பூதம்’. மனிதர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க முழுக்கப் பொம்மைகளை வைத்து எடுத்த படம்.

இப்போது அது புதுப்பொலிவோடு மறுபடி வந்திருந்தது. அதைவிடப் பெரிய விசேஷம், தியேட்டரில் எந்தப் படம் ஓடினாலும் வசனத்தை எழுத்திலும் காட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆக, சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த படத்தில் யார் என்னதான் பேசிக்கொண்டார்கள் என்பதை மூன்று பேரும் முதல்முறையாகப் படிக்கப் போகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் பாப்கார்ன் வாளியில் பெரிய அளவாக வாங்கியிருந்தார்கள்.

பொம்மைப் படத்தில் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. மனிதர் நடித்த படத்தில் உதட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும், பாதி புரியும், பாதி புரியாது. பொம்மைக்கு உதடே கிடையாது. ராஜா பொம்மையும் ராஜகுமாரி பொம்மையும் வாயைத் திறந்து திறந்து மூடும், அவ்வளவுதான். பூதத்துக்கு அதுவும் இல்லை. ராஜா கொடுத்த சாபத்தில் அதன் வாயைத் தைத்துவிட்டார்கள். முறம் மாதிரி இரண்டு காது, ஒரு காதில் வளையம், உடம்பு முழுக்க உப்பு. ஆனால் அதற்குக் கை இருந்தது. தோல் உறை போட்ட, ஐந்து விரலும் தனித்தனியாக அசைகிற, சாட்சாத் மனிதக் கை. அந்தக் கை பேசியது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அதே சைகை மொழியில் பேசியது.

வகுப்பில் கையால் பேசினால் டீச்சர் ஸ்கேலால் அடிப்பார்கள். வாயால் பேசப் பழகினால்தான் மனிதராக முடியும் என்பது அந்தக் காலத்துக் கொள்கை. அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு, டிவியில் ஒரு பூதம் தங்கள் பாஷையைப் பேசினால் எப்படி இருக்கும்? அதுவும் அது பேசிய பேச்சு! ராஜா அதிகாரமாக ஏதோ உத்தரவு போடுவார். பூதம் குனிந்து வணங்கும். வணங்கிக்கொண்டே கை சொல்லும்: “இது ஒரு கழுதை. காலையிலேர்ந்து சோறு போடல.” பிள்ளைகள் பாயில் உருண்டு சிரிப்பார்கள். அதே இடத்தில் வார்டனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவருக்கும் பூதத்தின் பேச்சு புரிகிறது என்றுதான் சுகிர்தா நினைத்திருந்தாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த முரட்டு மனிதரை அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

இப்போது திரையில் பூதம் வந்தது. அடியில் எழுத்து வந்தது. பூதத்தின் பெயர் ‘பெப்பே’.

பிள்ளைகள் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு. காது மடலைப் பிடித்துச் சுண்டினால் அது காதுவளையக்காரன். தெருவில் பயல்கள் தன்னை ‘பெப்பே’ என்றுதான் கூப்பிட்டார்கள் என்பது சுகிர்தாவுக்குத் தெரியும். அவர்கள் வாய் கோணுவதைப் பார்த்திருக்கிறாள். ராஜா உத்தரவு போட்டார். பூதம் குனிந்தது, கையைத் தூக்கியது. அடியில் வந்த எழுத்து: (ஊமைச் சத்தம்). முன் வரிசையில் தோள்கள் குலுங்கின. மறுபடி கை தூக்கியது. (ஊமைச் சத்தம்). மறுபடி குலுங்கின. வார்டன் எதற்குச் சிரித்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அதோடு விட்டிருந்தாலும் சரி. அந்தக் கையும் பழைய கை இல்லை. கழுதையைக் காணோம், சோற்றைக் காணோம். கோழி இறக்கையை அடித்துக்கொள்வது போல அந்தக் கை சும்மா படபடவென்று அடித்துக்கொண்டது. கடைசியில் உப்புமலை சரிந்து விழுகிற காட்சியில், பூதம் வெகுநேரம் கையால் பேசுமே, அதுவும் போச்சு. முகத்தைப் பொத்திக்கொண்டு பாட்டுக்குத் தக்கபடி ஒரு அழுகை. (சோக இசை).

வெளியே வந்ததும் படிக்கட்டு ஓரத்தில் மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒதுங்கிப் போகிற அளவுக்குக் கைகள் வீசின.

“மலைக்குப் பின்னால ஆளு கிடக்கான்னு சொல்லுமே, அது எங்க?” என்றாள் ராஜாத்தி.

“எழுத்துலயும் வரல” என்றாள் மெர்சி. “நான் ஒரு வரி விடாமப் படிச்சேன். ராஜா பொம்மை ஓடிப் போகுது, ராஜகுமாரி பட்டம் கட்டிக்குது. மலையிலேர்ந்து யாருமே விழல. கதையிலயே அப்படி ஒரு ஆளு இல்ல.”

சுகிர்தாவின் கை பாதியில் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டது: “கதையில இல்லன்னா, விழுந்தது யாரு?”

*

படத்தைப் புதுப்பித்த கம்பெனி பெருங்குடியில் இருந்தது. மறுநாளே லீவு போட்டுவிட்டுப் புருஷன் சாலமோனோடு போய் இறங்கினாள். சாலமோனுக்குக் காது கேட்கும். அவன் அப்பா அம்மா இருவரும் காது கேளாதவர்கள் என்பதால் பேச்சு வருவதற்கு முன்பே அவனுக்குக் கை வந்துவிட்டது. நாசரேத்துக்காரன், சாது. மனைவியின் சொல்லை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போது கொஞ்சம் தண்ணீர் கலந்து சொல்வது அவன் வழக்கம்.

அவர்களோடு பேச வந்தவள் நிவேதனா. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்தப் படத்துக்குப் பொறுப்பு அவள்தான்.

“ஒரு மனுசன் பேசின பேச்சை அழிச்சுட்டு, அங்க கேலியைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் வெட்கமே கிடையாதான்னு கேளு” என்று சுகிர்தா கையால் பொரிந்தாள்.

“அவங்களுக்குக் கொஞ்சம் வருத்தம், மேடம்” என்றான் சாலமோன்.

இத்தனை நீளக் கேள்விக்கு அவன் வாய் அசைந்த நேரத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேஜைக்கடியில் அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

“அது, அந்தக் காலத்துல ஷூட்டிங்ல சத்தம் பதிவு பண்ணமாட்டாங்க மேடம்” என்றாள் நிவேதனா. அவள் சாலமோனைப் பார்க்காமல் சுகிர்தாவையே பார்த்துப் பேசினாள். அது மட்டும் சுகிர்தாவுக்குப் பிடித்தது. “படத்தை முதல்ல எடுத்துருவாங்க. அப்புறமா டப்பிங் தியேட்டர்ல உக்காந்து வசனத்தைப் பேசிச் சேப்பாங்க. சில சமயம் எடுத்தது ஒரு கதையா இருக்கும், டப்பிங்ல பேசினது வேற கதையா இருக்கும். வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். இப்போ பாக்கறவங்களுக்கு அது உறுத்துது. எங்க மெஷின் சத்தத்தைக் கேட்டு, அதுக்குத் தக்க மாதிரி படத்தை மாத்தும். உதடு, கண்ணு, கை, எல்லாத்தையும்.”

“படத்தைப் பாத்து அதுக்குத் தக்க மாதிரி சத்தத்தை மாத்த வேண்டியதுதானே?” என்றது சுகிர்தாவின் கை.

நிவேதனா மேஜைமேல் இருந்த பேனாவை மூடி வைத்தாள். “அப்படி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்.”

“கேக்க முடியாதவங்க எப்படிக் கேப்பாங்க?” சாலமோன் இதை அப்படியே சொன்னான். கிள்ளு நன்றாக வேலை செய்திருந்தது.

நிவேதனா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். பெரிய திரை ஒன்றைப் போட்டாள். “மெஷின் தொடறதுக்கு முன்னால எடுத்த ஸ்கேன். பாருங்க.”

பழைய கை வந்தது. கழுதை வந்தது, சோறு வந்தது. வந்த வேலையை மறந்து சுகிர்தா வாய்விட்டுச் சிரித்தாள். வயது நாற்பத்தெட்டு ஆகிவிட்டது என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்கு நினைவில்லை. காதுவளையக்காரனை நேரில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு உப்புமலை வந்தது. சரிந்தது. திரை முழுக்க வெள்ளைப் புழுதி. புழுதி அடங்கியபோது பூதம் மட்டும் மலையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் கை பேச ஆரம்பித்தது. முதலில் ஒரு விரல் புருவத்தைக் குறுக்காகக் கீறியது. அது ஒரு ஆளின் பெயர். புருவத்தில் வெட்டு உள்ளவன்.

“புருவவெட்டு விழுந்துட்டான். மலைக்குப் பின்னால. உப்புக்கடியில. உயிர் இருக்கு. கை அசையுது, நான் பாக்குறேன். போய்ப் பாருங்க. நிறுத்துங்க. பின்னால போய்ப் பாருங்க.”

இதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. முதலில் ஒழுங்காகச் சொன்னது, அப்புறம் அவசரமாக, அப்புறம் விரலெல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளச் சொன்னது.

விடுதியில் இந்தக் காட்சி வந்தால் ஒரு பிள்ளைகூடத் தரையில் இருக்காது. ‘பின்னால போய்ப் பாருங்க’ என்று பூதம் சொன்னதும் அத்தனையும் எழுந்து டிவிக்குப் பின்னால் ஓடும். அங்கே யாராவது ஒரு பிள்ளை புருவவெட்டாகத் தலையணைகளுக்கு அடியில் படுத்துக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். எல்லாருமாகச் சேர்ந்து இழுத்து வெளியே போடுவார்கள். அதற்குள் திரையில் பூதத்தின் இரண்டு கையும் மெல்லக் கீழே இறங்கியிருக்கும். அப்பாடா, காப்பாற்றியாச்சு என்று பூதம் நிம்மதியாகிவிட்டதாக அர்த்தம். சுகிர்தா அந்தப் படத்தை நேசித்ததே அந்தக் கடைசிக்காகத்தான்.

இப்போது நிவேதனாவின் திரையிலும் இரண்டு கை இறங்கியது. சுகிர்தா திரையிலிருந்து திரும்பிக்கொண்டாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு, பூதம் சொன்னதைச் சாலமோனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி, அதை நிவேதனாவிடம் சொல்லச் சொன்னாள்.

சாலமோன் சொல்லி முடிக்கும்வரை நிவேதனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரியும் அக்கா” என்றாள். மேடம் அக்காவாகியிருந்தது. “மெஷினுக்கு எல்லா பாஷையும் கத்துக் குடுத்திருக்கோம். சைகை மொழியும் தெரியும். இந்தப் படத்தைப் போட்டதும் நின்னுருச்சு. சத்தம் ஒண்ணு சொல்லுது, கை வேற ஒண்ணு சொல்லுது, எதை வெச்சுக்கணும்னு கேட்டுச்சு. நாங்க டைரக்டர்கிட்டக் கேட்டோம். தயாரிப்பும் அவர்தான், உரிமை அவரோடது. கை என்ன சொல்லுதுங்கறதையும் போன மாசமே படிச்சுக் காட்டினேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“சத்தத்தை வெச்சுக்கன்னு சொன்னார்.”

சுகிர்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். சாலமோன் அவள் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

மீதியையும் நிவேதனாவே சொன்னாள். ஸ்கேன் எடுத்ததுமே படச்சுருளின் நெகட்டிவை உருக்கியாகிவிட்டது. இணையத்தில் கிடந்த பழைய காப்பிகளையெல்லாம் கம்பெனியின் மெஷின் தானாகவே தேடிப் பிடித்துப் புதியதாக மாற்றிவிட்டது. ஒரு படத்துக்கு ஒரு வடிவம்தான் என்பது ஒப்பந்தம். மிச்சம் இருப்பது இந்த ஸ்கேன் ஒன்றுதான். படம் வெளியாகிவிட்டாலும், பழையதை அழிக்க டைரக்டரின் கடைசி ஒப்புதல் மட்டும் பாக்கி; கொடுத்ததும் இதுவும் அழிந்துவிடும். திருட்டுத்தனமாக ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தாலும் பிரயோசனமில்லை, எந்த மூலையில் போட்டாலும் மெஷின் அதையும் மாற்றிவிடும்.

“அவர் வேணாம்னு சொன்னாத்தான் இது இருக்கும். நாளைக்கு ஒப்புதல் வாங்க நான் அவர் வீட்டுக்குப் போறேன். நீங்களும் வர்றீங்களா?”

*

டைரக்டர் வேதகிரிக்கு எண்பது தாண்டிவிட்டது. நெசப்பாக்கத்தில் மாடி வீடு. கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூதத்தின் தலை இருந்தது. காது வளையம்கூடப் பத்திரமாக இருந்தது. கை மட்டும் இல்லை.

ரசிகை என்று நினைத்து அவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். காபி வந்தது. சுகிர்தா சோபாவில் உட்கார்ந்தாள், காபியைத் தொடவில்லை.

“அந்தப் பொம்மையோட கைக்குள்ள இருந்தது யாரு?” என்று கேட்கச் சொன்னாள்.

“ஊமையன் ஒருத்தன். காத்தாடி, புகை மிஷின், என் மெகாபோன்னு ஸ்டூடியோவே அலறும். மத்தவன் கையெல்லாம் பதறும். இவனுக்குத்தான் காதே கேக்காதே, பதறமாட்டான். அவன் பாட்டுக்கு என்னமோ கையை ஆட்டுவான், பாக்க ஜோரா இருக்கும். சத்தத்தை நாங்க டப்பிங்ல போட்டுப்போம்.”

“அவரு ஆட்டல. பேசினாரு.”

சாலமோன் சொன்னதைக் கேட்டதும் வேதகிரி நிவேதனாவைப் பார்த்தார். நிவேதனா ஜன்னலைப் பார்த்தாள். கிழவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“மலை ஒரே மலைதான்மா” என்றார். குரல் இறங்கிவிட்டது என்பதை அவர் தாடையைப் பார்த்தே சுகிர்தா தெரிந்துகொண்டாள். “ஒரே தடவைதான் சாய்க்க முடியும். மேல ஒரு ஆளு உக்காந்து கயித்தை அவுக்கணும். மலை சாஞ்சுது. புழுதி அடங்கினா, பூதம் மட்டும் ஓரமா நின்னு கையை ஆட்டுது. என்ன ஒரு நடிப்பு! நான் கட் சொல்லல. எப்படிச் சொல்ல முடியும்? ஃபிலிம் தீர்ற வரைக்கும் ஓட விட்டேன். யூனிட்டே நின்னு கை தட்டுச்சு.”

“அப்புறம்?”

“பொம்மையோட பெல்ட்டு பின்னால இருக்கும். ரெண்டு பேரு அவுத்து விட்டாத்தான் உள்ள இருக்கறவன் வெளிய வர முடியும். அவுத்துவிட்டதும் மலைக்குப் பின்னால ஓடினான். அப்பத்தான் நாங்களும் போய்ப் பாத்தோம். ஆளு போயிட்டான். விழுந்த உடனே போயிருப்பான்னுதான் நாங்க நினைச்சோம். வெளிய தெரிஞ்சா படம் நின்னுரும், நூறு குடும்பம் தெருவுக்கு வந்துரும். அந்த ஆளு அன்னைக்கு வேலைக்கே வரலன்னு சொல்லச் சொன்னேன். எல்லாரும் அப்படியே சொன்னாங்க. ஊமையன் மறுநாள்லேர்ந்து வரல.” அவர் சுகிர்தாவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். “உயிரோட இருந்தான்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா அந்தப் பாஷை எனக்குத் தெரியாது.”

சுகிர்தாவின் கை கிளம்பியது. சாலமோன் அதைப் பார்த்தான். அவள் அவனையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப தெரியாது, சரி. போன மாசம் தெரிஞ்சுதுல்லா? தெரிஞ்ச பிறகு என்ன பண்ணீங்க? நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தினவனோட கையை வெட்டிட்டீங்க” என்றான் சாலமோன். சொன்னபோது அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது.

வேதகிரி கண்ணை மூடிக்கொண்டார். “இந்த ஒரு படம்தான்மா நான். இதுக்குத்தான் விருது. அந்த ஷாட்டுக்குத்தான். எத்தனை பிள்ளைங்க பாத்துச் சந்தோஷப்பட்டிருக்கும். அதுங்களுக்கு இதெல்லாம் எதுக்குத் தெரியணும்?”

பிள்ளைங்க என்ற சொல்லைக் கேட்டதும், அதாவது சாலமோனின் கையில் அதைப் பார்த்ததும், சுகிர்தாவுக்குக் கோபம் தலை உச்சிவரை ஏறியது. “நாங்களும் பிள்ளைங்கதான். எங்களுக்குத் தெரியும். அவரு போய்ப் பாருங்கன்னு சொன்னாரு. நீங்க கை தட்டிக்கிட்டு நின்னீங்க. நாங்க ஒவ்வொரு தடவையும் டிவிக்குப் பின்னால ஓடிப்போய்ப் பாத்தோம். எட்டு வயசுப் பிள்ளைங்க. உங்க யூனிட்ல ஒருத்தருக்குக்கூட அது தோணலையே.”

கிழவர் தன் காபி டம்ளரை ஒதுக்கி வைத்தார். பிறகு முன்னால் சாய்ந்தார்.

“ஒண்ணு கேக்கறேன். மெஷின் எல்லாத்தையும் படிச்சுச் சொல்லிருச்சு. கடைசி ஒண்ணு மட்டும் தனக்குத் தெரியலன்னு சொல்லிருச்சு. ரெண்டு கையும் மெல்லக் கீழ இறங்கும் பாருங்க, என்னையே பாத்து ஏதோ சொல்ற மாதிரி இருக்கும். அது என்ன சைகை? ஒரு மாசமா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். போகட்டும் விடுன்னு சொல்றானோ? மன்னிச்சுட்டேன்னு சொல்றானோ? அதை மட்டும் சொல்லிருங்க. பழைய கையே இருக்கட்டும்னு நான் சொல்லிடறேன்.”

சாலமோன் இதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், மற்ற இருவருக்கும் தெரியாமல் மடியிலேயே விரலை அசைத்தான். “மன்னிச்சான்னு சொல்லிருட்டி. படம் பிழைச்சுக்கிடும்.”

சொல்லியிருக்கலாம். அவளிடம் அதற்கான பதில் தயாராகவே இருந்தது. அப்பாடா, காப்பாத்தியாச்சு. இத்தனை வருஷம் அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள். சொன்னால் ஸ்கேன் பிழைக்கும், கிழவர் தூங்குவார். அவளுக்கும்கூட அந்தப் படம் பழையபடி கிடைத்துவிடும். ஒரு நிமிஷம் அவளுக்கு அந்த ஆசை நிஜமாகவே வந்தது. எதிரே கிழவர் கையேந்துகிறவர் போல அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கையை அவர் இவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவளுக்குப் பழைய கோபமெல்லாம் திரும்பி வந்தது. இந்தக் கவனத்தில் கால்வாசி அன்றைக்கு இருந்திருந்தால் ஒரு ஆள் வீட்டுக்குப் போயிருப்பான்.

“அது சைகையே இல்ல” என்றாள். “பேச்சுன்னா மெஷின் படிச்சிருக்கும். அது பேச்சு இல்ல. மலைக்குப் பின்னால அசைஞ்சுக்கிட்டிருந்த கை நின்னுபோச்சு. அதைப் பாத்தாரு. இனிமே யாரைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகுதுன்னு இவரும் கையைக் கீழ போட்டுட்டாரு.”

சாலமோன் சொல்லி முடித்தான். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை.

உள்ளேயிருந்து வேலைக்காரப் பெண் வந்து, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போனாள். நிவேதனா தன் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கிழவர் ஒப்புதல் கொடுத்துவிட்டால் ஸ்கேனை அங்கேயே, அவள் கையாலேயே அழிக்க வேண்டும்.

“நிவேதனா” என்றார் வேதகிரி. “ஒப்புதல் கிடையாது. எடுத்தது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அடியில எழுத்து போடுவீங்களே, அதுல இந்தம்மா சொல்றதைப் போடுங்க.”

நிவேதனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாலமோன் எழுந்து, நன்றி சொல்லக் கையைக் கூப்பினான். போவோமா என்று மனைவியைப் பார்த்தான். சுகிர்தா அசையவில்லை.

“எழுத்துல போடணும்னா பேரு வேணும்” என்றாள். “புருவவெட்டுன்னு போட்டா யாருக்குத் தெரியும்? எங்களுக்குத்தான் தெரியும். அவருக்கு அப்பா அம்மா வெச்ச பேரு என்ன?”

வேதகிரி வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியைத் தடவினார். “மாரியோ… இல்ல, அது லைட்பாய். செட்டு ஆளுங்க தினமும் மாறுவாங்கம்மா. அத்தனை பேரு.”

“செத்தது அத்தனை பேரு இல்ல, ஒருத்தரு.”

“விசாரிச்சுச் சொல்றேன்.”

“இப்பவே விசாரிங்க.”

“ஏட்டி, வயசானவரு” என்று சாலமோன் கையால் முணுமுணுத்தான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சோபாவில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பேர் கிடைக்காமல் தன்னை அந்த வீட்டிலிருந்து யாரும் கிளப்ப முடியாது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

கிழவர் போனை எடுத்தார். நம்பர்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஸ்பீக்கரில் போட்டார். முதலில் கிடைத்தவர் பழைய கேமராமேன். படம் மறுபடி வந்ததற்குச் சந்தோஷமாக வாழ்த்துச் சொன்னார். மலை ஷாட்டைப் பற்றிச் சிலாகித்தார். பேரைக் கேட்டதும், எந்த ஆளு சார் என்றார். அடுத்தவர் அந்தக் காலத்து மேனேஜர். அதையெல்லாம் இப்போ எதுக்குக் கிளறுறீங்க என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதையும் சாலமோன் விடாமல் சொன்னான்.

மூன்றாவதாக, செட்டுக்குத் தச்சு வேலை செய்த ஒருவர் வளசரவாக்கத்தில் இருக்கிறார் என்று நினைவு வந்து, அவரைப் பிடித்தார்கள். பின்னால் யார் வீட்டிலோ மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“நான் டைரக்டர் வேதகிரி பேசறேன். உப்புமலை செட்ல மேலேர்ந்து விழுந்தானே ஒருத்தன். புருவத்துல வெட்டு இருக்கும். அவன் பேரு என்னப்பா, ஞாபகம் இருக்கா?”

யோசிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பதில் உடனே வந்தது.

“வேலாண்டி. செய்யாத்துக்காரன். ஏன் சார், இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?”

சாலமோன் மனைவியின் பக்கம் திரும்பினான். வேலாண்டி என்று விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினான். பிறகு அந்தக் கேள்வியையும் ஒரு சொல் குறைக்காமல் காட்டினான்.